புதிய இசையைத் தேடிப் பிடிப்பது எப்படி, எழுதி ஆள் சேர்ப்பது எப்படி

2023ஆம் ஆண்டு முடிவில், இசை எவ்வளவு கேட்கப்படுகிறது என்று கணக்கெடுக்கும் லுமினேட் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஸ்ட்ரீமிங் தளங்களில் அது கண்காணித்த சுமார் 18.4 கோடி ட்ராக்குகளில் 4.5 கோடிக்கும் அதிகமானவற்றை அந்த ஆண்டு முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவற்றில் பல கேட்கத் தகுதியில்லாதவையாகவே இருக்கலாம். ஆனால் நல்லவையும் அதே குவியலுக்குள்தான் கிடக்கின்றன. தளத்தின் பரிந்துரை அவற்றை எடுத்துக் கையில் கொடுக்கும் என்று காத்திருந்தால் நடக்காது. பரிந்துரை பெரும்பாலும் மற்றவர்கள் கேட்டதை வைத்தே இயங்குகிறது: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், எந்தெந்தப் பாட்டுகள் ஒரே ப்ளேலிஸ்டில் சேர்ந்து வருகின்றன என்ற கணக்கு அது. யாரும் கேட்காத பாட்டைப் பற்றி அதனிடம் சொல்ல எதுவும் இல்லை.

அதனால் பாட்டிலிருந்து நேராக அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். பாட்டிலிருந்து அதைச் செய்த ஆளுக்குப் போங்கள், அந்த ஆளிடமிருந்து அடுத்த பாட்டுக்குப் போங்கள். தேடலும் சரி, தேடிக் கிடைத்ததை எழுதும் வலைப்பதிவும் சரி, இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நிற்கும்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது

உங்களுக்கு மிகவும் பிடித்த, அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற இசைத் தகவல் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்தால் பாடியவர், வாசித்தவர்கள், தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தவர், லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), கேட்டலாக் எண் (லேபிள் தன் வெளியீடுகளுக்குப் போடும் எண்) எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஓர் இணைப்பு. அழுத்தினால் அவர் வேலை செய்த மற்ற ஆல்பங்கள் வரும். டிஸ்காக்ஸில் இல்லாதது அதே மாதிரியான மியூசிக்பிரெயின்ஸ் தளத்தில் இருக்கக்கூடும். இரண்டையும் பயனர்களே நிரப்புகிறார்கள், ஆகவே இரண்டிலும் ஓட்டைகள் உண்டு.

எல்லாப் பெயரும் ஒரே அளவு பயன்தராது. மாஸ்டரிங் இன்ஜினியர் வருகிற வேலையையெல்லாம் செய்து கொடுப்பவர். அவரைத் தொடர்ந்தால் ஐந்தாறு ஆல்பங்களுக்குள் தொடர்பே இல்லாத இடத்தில் போய் நிற்பீர்கள். தயாரிப்பாளர் நல்ல தடம், ஆனால் பெரும்பாலும் ஒரே ஒலிக்குள் சுற்ற வைப்பார். மிகச் சிறந்த தடம், பிறர் ஆல்பங்களில் வாசிக்கப் போகும் கலைஞர்கள்: டிரம்மர், பேஸ் வாசிப்பவர், இரண்டு பாட்டுக்கு மட்டும் வந்து போன குரல். இவர்களைத் தங்கள் ரசனைக்காகவே கூப்பிடுகிறார்கள். ஒரு ஜாஸ் குழுவிலும் ஒரு எலக்ட்ரானிக் ஆல்பத்திலும் ஒரு நாட்டுப்புறப் பாடகரின் பதிவிலும் ஒரே பேஸ் வாசிப்பாளர் இருந்தால், அந்த மூன்றையும் எந்தப் பரிந்துரையும் ஒன்றாகக் காட்டாது.

அடுத்தது லேபிள். பெரிய நிறுவனங்களால் பயன் குறைவு. மொத்தம் பத்திலிருந்து அறுபது வெளியீடுகள் வரை உள்ள சிறு லேபிளில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுடைய காது உங்கள் காதோடு ஒத்துப்போனால் பட்டியல் முழுவதும் உங்களுக்கானது. லேபிள் பக்கத்தைக் கேட்டலாக் எண் வரிசையில் வைத்து, புகழ்பெற்ற வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் வேண்டுகிறார்கள் என்ற இரண்டு எண்கள் இருக்கும். வேண்டுபவர்கள் வைத்திருப்பவர்களைவிட அதிகமாக இருந்தால் நின்று கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ஒரே பெயரில் இரண்டு கலைஞர்கள். டிஸ்காக்ஸ் அப்படிப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் போட்டுப் பிரித்துவைக்கிறது. ஸ்ட்ரீமிங் தளங்களில் இது பல சமயம் குழம்பிவிடும்: ஐஸ்லாந்துப் பியானோக் கலைஞரின் பக்கத்தில் வேறு யாரோ ஒரு ராப் பாடகரின் புதுப் பாட்டு வந்து உட்கார்ந்திருக்கும். எழுதுவதற்கு முன் பாட்டின் அடியில் உள்ள உரிமை வரியில் லேபிள் பெயரைப் பாருங்கள், பிறகு கலைஞரின் சொந்தப் பக்கத்தில் அந்த வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டையும் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் பக்கத்தில் 2021 என்று இருப்பது 1974இல் வந்த ஆல்பத்தின் மறுவெளியீடாக இருக்கலாம். இதைத் தவறாக எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அன்றே உங்களைப் படிப்பதை நிறுத்திவிடுவார்.

வாங்குகிறவர்களைப் பின்தொடர்வது

கலைஞர்கள் தங்கள் இசையை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் மற்ற தளங்களிலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறது. ஆல்பம் பக்கத்திலேயே அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சிறு படங்கள் இருக்கும். சிலர் ஒரு வரி கருத்தும் எழுதியிருப்பார்கள். படத்தை அழுத்தினால் அவர் இதுவரை வாங்கிய எல்லாமே திறக்கும். இலவசமாகக் கேட்டதன் பதிவைவிடக் காசு கொடுத்து வாங்கியதன் பதிவு பல மடங்கு நம்பகமானது.

வேலை இப்படி:

1. உங்களுக்குப் பிடித்த, பரவலாகத் தெரியாத மூன்று ஆல்பங்களின் பக்கங்களைத் திறவுங்கள்.
2. மூன்றில் இரண்டையாவது வாங்கியிருக்கும் ஆட்களைத் தேடுங்கள். கருத்து எழுதியவர்களிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் கிடைப்பார்கள்.
3. அவர்களுடைய சேகரிப்பின் அளவைப் பாருங்கள். ஐயாயிரம் ஆல்பம் வைத்திருப்பவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர். அவரால் உங்களுக்கு வடிகட்டல் கிடைக்காது. நூறிலிருந்து ஐந்நூறு வரை வைத்திருப்பவரே சரியான ஆள்.
4. அப்படிப் பத்துப் பேரைப் பின்தொடருங்கள். அவர்கள் வாங்குவது உங்கள் ஃபீடில் வந்துகொண்டிருக்கும். ஒரு மாதத்தில் எதுவுமே பிடிக்கவில்லை என்றால் அந்த ஆளை நீக்கிவிட்டு வேறொருவரைச் சேருங்கள்.

டேக் (ஆல்பத்தோடு சேர்க்கும் அடையாளச் சொல்) வழியாகத் தேடும்போது அதிகம் விற்பவை என்ற வரிசையை விட்டுவிட்டு, புதிதாக வந்தவை என்ற வரிசையை எடுங்கள். இசை வகையின் டேக்கோடு ஊர் அல்லது நாட்டின் டேக்கையும் பாருங்கள். டேக்குகளைக் கலைஞர்களே போடுவதால், 'எலக்ட்ரானிக்' என்பது போன்ற பரந்த சொல்லில் எல்லாம் வந்து குவியும், ஊர்ப்பெயரில் ஒரு சிறு கூட்டம் மட்டும் வரும். பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று தளம் அறிவிக்கும் நாட்களையும் குறித்து வையுங்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய இந்த நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. சாதாரண நாளில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். கலைஞர்கள் பலர் டெமோ, நேரடிக் கச்சேரிப் பதிவு, வேறெங்கும் கிடைக்காத சிறு வெளியீடு போன்றவற்றை அந்த நாளுக்காகவே வைத்திருப்பார்கள்.

வானொலி நடத்துபவர்கள்

லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, நியூஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ ஆகிய நிலையங்கள் வாசித்த பாட்டுகளின் பட்டியலை இணையத்தில் வைக்கின்றன. நிலையத்தைத் தொடராதீர்கள், ஒரு நிகழ்ச்சியை நடத்தும் ஆளைத் தொடருங்கள். ஒரு நிலையத்தில் டஜன் கணக்கில் நிகழ்ச்சிகள் இருக்கும், உங்களுக்கானது அதில் இரண்டோ மூன்றோதான். வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். ஏதாவது காதைப் பிடித்து இழுத்தால் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 41ஆம் நிமிடம். முடிந்த பிறகு பட்டியலோடு ஒப்பிடலாம்.

பட்டியல் இல்லாத டிஜே கலவைகளுக்கு, ஒலிக்கும் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலி உதவும், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்து வையுங்கள். அது மெட்டை அடையாளம் காண்பதில்லை, குறிப்பிட்ட ஒரு பதிவின் ஒலிச் சுவட்டைத்தான் ஒப்பிடுகிறது. அதே பாட்டின் மேடைப் பதிவோ, டிஜே வேகத்தை நன்றாக மாற்றிப் போட்டதோ வந்தால் கைவிரித்துவிடும். பாட்டு வேறொன்றோடு கலக்காத நடுப்பகுதியில் முயன்று பாருங்கள்.

உலகின் வேறு பகுதிகளின் இசையைத் தேடும்போது ஆங்கிலப் பெயரில் தேடினால் ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது மட்டும்தான் வரும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விக்கிப்பீடியாவில் அந்த இசைக்கருவி அல்லது இசைவகை பற்றிய கட்டுரைக்குப் போய், மொழிப் பட்டியலில் அந்த நாட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள். எத்தியோப்பியாவின் கிரார் யாழ் என்றால் அம்ஹாரிக் கட்டுரை. அதன் தலைப்பை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டி, பதிவேற்றிய தேதியை வைத்து வடிகட்டுங்கள். முற்றிலும் வேறொரு உலகம் திறக்கும். அங்கே ஒரே ஒரு நல்ல சேனல் கிடைத்தால்கூட அந்த வாரத்துக்கு அது போதும்.

பரிந்துரையை அடக்கி வைத்துக்கொள்வது

பரிந்துரையை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லி திங்கள்தோறும் 30 பாட்டுகள் தருகிறது. ரிலீஸ் ரேடார் வெள்ளிக்கிழமை வரும். அவை கெட்டுப்போவதற்குப் பொதுவான காரணம், தூங்குவதற்கு மழைச் சத்தமும் குழந்தைக்குப் பாட்டும் அதே கணக்கில் போடுவது. அந்த ப்ளேலிஸ்ட்டுகளை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி ப்ளேலிஸ்டின் மெனுவிலேயே இருக்கிறது. விலக்கிவிட்டு, சில வாரங்கள் நீங்களே தேடிக் கண்டெடுத்த பாட்டுகளை முழுதாகக் கேளுங்கள், பிடித்தவற்றைச் சேமியுங்கள். பட்டியல் மெல்ல மாறும். கேட்டதைப் பதிந்துவைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் கணக்கு வைத்து எல்லாச் செயலிகளையும் இணைத்தால், எதை எத்தனை முறை கேட்டீர்கள் என்பது ஒரே இடத்தில் சேரும். பாட்டின் பாதியோ நான்கு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அது கடந்தால்தான் கணக்கில் ஏறும்.

கேட்பது

வாரத்துக்கு நாற்பது ட்ராக்குகள் முதல் சுற்றுக்குப் போதும். அதற்கு மேல் போனால் காது மரத்துவிடும், எல்லாமே சுமாராகத் தோன்றும்.

முதல் சுற்றில் ஆரம்ப ஒரு நிமிடத்தைக் கேளுங்கள், பிறகு மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்துக்குப் போய் அரை நிமிடம் கேளுங்கள். ஸ்பாட்டிஃபை 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாக எண்ணுகிறது. அதனால் கைவசம் உள்ள சரக்கையெல்லாம் முதல் அரை நிமிடத்திலேயே கொட்டிவிடும் பாட்டுகள் ஏராளம். பின்பகுதியிலும் ஏதாவது நடக்கிறதா என்பதுதான் கேள்வி. தேறும் ஏழெட்டை வேறொரு நாளில் முழுதாகக் கேளுங்கள், வேறு எந்த வேலையும் செய்யாமல்.

ஒலியளவு ஏமாற்றும். சத்தமாக ஒலிப்பது எப்போதும் சற்று நன்றாகத் தோன்றும், இது எல்லோருடைய காதுக்கும் பொருந்தும். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டுகளை சுமார் மைனஸ் 14 லுஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித் தருகிறது. எல்லாத் தளங்களும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு தளங்களில் கேட்டவற்றை ஒப்பிடுவதற்கு முன் கையால் ஒலியளவைச் சமமாக்குங்கள். ஹெட்போனில் ஒருமுறை, சாதாரண ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். உங்கள் வாசகரில் பலர் போனின் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள்.

கேட்டதையெல்லாம் ஒரு விரிதாளில் எழுதுங்கள்: தேதி, கலைஞர், தலைப்பு, வெளிவந்த நாள், லேபிள், இணைப்பு, ஒரு வரிக் கருத்து, காதைப் பிடித்த இடத்தின் நிமிடம். இவற்றோடு இன்னொரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்: எங்கிருந்து கிடைத்தது. மூன்று மாதம் கழித்து அந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தினால், உங்களுக்கு நல்லது தந்தவை எவை எவை என்று பளிச்சென்று தெரியும். இருபது மூலங்களில் நான்கோ ஐந்தோதான் உண்மையில் உழைத்திருக்கும். மற்றவற்றை வெட்டிவிட்டுப் புதியவற்றைச் சேருங்கள்.

போலிகள்

இப்போது இதைப் பார்க்காமல் எழுதக் கூடாது. 2025இல் தி வெல்வெட் சன்டவுன் என்ற பெயரில் வந்த 'குழு' ஸ்பாட்டிஃபையில் மாதத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கேட்போரைச் சேர்த்த பிறகு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டது என்று அதன் பக்கமே ஒப்புக்கொண்டது. டீசர் என்ற ஸ்ட்ரீமிங் தளம் அதே ஆண்டு இப்படிப்பட்ட ஆல்பங்களுக்கு அடையாளம் போடத் தொடங்கியது. மற்ற பல இடங்களில் நீங்களேதான் பார்க்க வேண்டும். சில வாரங்களுக்குள் இரண்டு மூன்று முழு ஆல்பங்கள், வாசித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லாதது, மேடைக் கச்சேரியின் எந்தத் தடயமும் இல்லாதது, பழைய பதிவுகளே இல்லாத சமூக ஊடகக் கணக்கு: இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கூச்ச சுபாவமுள்ள தனிக் கலைஞராக இருக்கலாம், நான்கும் சேர்ந்தால் விலகிவிடுங்கள். பெயர்களைப் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் இந்தப் போலிகள் அநேகமாக வந்து சேர்வதே இல்லை, ஏனென்றால் அவற்றுக்குப் பிடிப்பதற்குப் பெயரே கிடையாது.

எண்ணிக்கையை விலைக்கு வாங்கியவர்களையும் கண்டுபிடிக்கலாம். மாதக் கேட்போர் லட்சங்களில், பின்தொடர்பவர்கள் சில நூறு என்றால் சந்தேகப்படுங்கள். கலைஞர் பக்கத்தில் அதிகம் கேட்கும் ஐந்து நகரங்கள் இருக்கும். அந்த இசைக்கும் அந்த நகரங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும்.

எழுதத் தொடங்கும்போது

எல்லா இசையையும் பற்றி எழுதும் வலைப்பதிவுக்கு ஆள் சேர்வதில்லை. வாசகர் ஒரு பதிவைப் படித்துப் பிடித்துப்போய் அடுத்ததைத் திறக்கிறார், அது முற்றிலும் வேறாக இருக்கிறது, போய்விடுகிறார். ஒரு வரியில் சொல்லக்கூடிய எல்லை வேண்டும்: ஒரு வகை, ஒரு நிலப்பகுதி, ஒரு கருவி, ஒரு காலகட்டம். 'சிறு லேபிள்களின் புதிய ஆம்பியன்ட் இசை' (மெதுவாகப் பரவும் சூழல் இசை) நல்ல எல்லை. 'நல்ல இசை' எல்லையே இல்லை. ஓர் எல்லை சரியானதா என்று பார்க்க, அதற்குள் எழுதக்கூடிய இருபது தலைப்புகளை ஒரே அமர்வில் எழுதிப் பாருங்கள். பன்னிரண்டில் நின்றுவிட்டால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். முடிவே இல்லாமல் போனால் குறுக்குங்கள்.

சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்குங்கள். தளத்தை எதில் கட்டினாலும், பதிவுகளையும் வாசகர் மின்னஞ்சல் பட்டியலையும் முழுதாக வெளியே எடுக்கும் வசதி அதில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள். எம்பி3 கோப்புகளைத் தளத்தில் ஏற்றாதீர்கள், கலைஞரே அனுப்பியிருந்தாலும். 2010 பிப்ரவரியில் கூகுள், பதிப்புரிமைப் புகார்களைக் காரணம் காட்டி ப்ளாகர் தளத்திலிருந்து பல இசை வலைப்பதிவுகளை நீக்கியது. அவற்றை எழுதியவர்களில் சிலர், லேபிள்களின் விளம்பரப் பிரிவினர் அனுமதியோடு அனுப்பிய பாட்டுகளைத்தான் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் எழுதிய எழுத்தும் பாட்டோடு சேர்ந்து போனது. கலைஞரின் பக்கத்திலிருந்தே எம்பெட் செய்யுங்கள், அதாவது அங்குள்ள ப்ளேயரையே உங்கள் பதிவுக்குள் காட்டுங்கள். பாடல் வரிகளை முழுதாகப் போடாதீர்கள். படம் போட்டால் எடுத்தவர் பெயரையும் போடுங்கள்.

எம்பெட்டில் இரண்டு சிக்கல்கள். ஒவ்வொரு ப்ளேயரும் தன் பங்குக்கு நிறையக் கோப்புகளை இறக்கும். ஒரே பக்கத்தில் பத்து வைத்தால் போனில் பக்கம் திறக்கவே நேரமாகும். பதிவுக்கு ஒன்று வையுங்கள், முகப்பில் ப்ளேயரே வேண்டாம். பட்டியல் பதிவு என்றால் வாசகர் கீழே வரும்போது மட்டும் ஏறும்படி லேஸி லோடிங் வையுங்கள். இரண்டாவது, பாட்டு ஒருநாள் காணாமல் போகும் அல்லது சில நாடுகளில் ஓடாது. வெறும் சாம்பல் கட்டம் மட்டும் மிஞ்சும். ஆகவே கலைஞர், தலைப்பு, லேபிள், ஆண்டு நான்கையும் எழுத்திலேயே தாருங்கள், வேறொரு தளத்தின் இணைப்பையும் சேருங்கள். கலைஞரின் பெயரை நம் எழுத்தில் எழுதினால் மட்டும் போதாது. அவர் தன் பெயரை எந்த எழுத்தில் எழுதுகிறாரோ அதிலும் ஒருமுறை முதல் பத்தியிலாவது வர வேண்டும், தேடுபொறியில் மக்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.

ஒரு பதிவுக்கு 150 முதல் 300 சொற்கள் போதும். முதல் வாக்கியத்திலேயே அது எப்படி ஒலிக்கிறது என்று வந்துவிட வேண்டும். 'மனதை வருடும் அருமையான இசை' என்பது எந்தப் பாட்டுக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பாட்டைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக: 'முதல் ஒன்றரை நிமிடம் பேஸ் கிட்டார் மட்டும் நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, 1:34இல் டிரம்ஸ் நுழையும்போது அரைத் தட்டு தள்ளி விழுகிறது, அதற்குப் பிறகு அந்த நான்கு சுரங்களும் வேறு மெட்டாகக் கேட்கின்றன.' இதைப் படித்தவர் 1:34க்குப் போய்க் கேட்காமல் இருக்க மாட்டார். கேட்டு, நீங்கள் சொன்னது அங்கே இருந்தால் உங்களை நம்பத் தொடங்குவார்.

பதிவின் முடிவில் தடத்தை வையுங்கள். இந்த ஆல்பம் எந்த வழியாகக் கிடைத்தது, இதில் வாசித்தவர் வேறு எதில் இருக்கிறார், அடுத்து எதைக் கேட்கலாம் என்று இரண்டு மூன்று வரிகள். விரிதாளில் அது ஏற்கெனவே இருக்கிறது, எடுத்து எழுத வேண்டியதுதான். பாட்டின் பெயரை மட்டும் எந்தச் செயலியும் தரும். அதைச் சுற்றியுள்ள ஆட்களை அறிமுகப்படுத்த ஓர் எழுத்தாளர் வேண்டும். வாசகர் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வரிகளுக்காகத்தான்.

ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதிய வெளியீடுகள் வெள்ளிக்கிழமையில் வருகின்றன. அன்று எழுதினால் பெரிய தளங்களின் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது. செவ்வாய், புதன் நல்ல நாட்கள். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. வேகத்தில் சிறிய வலைப்பதிவு ஒருபோதும் ஜெயிக்காது, யாரும் எழுதாத ஆல்பத்தை எழுதுவதில் எப்போதும் ஜெயிக்கும்.

தேடுபொறியும் அங்கேதான் உதவுகிறது. புகழ்பெற்ற பாடகரின் ஆல்பத்தைப் பற்றி எழுதினால் ஐம்பதாவது பக்கத்தில் கிடப்பீர்கள். யாரும் எழுதாத கலைஞர் என்றால், அவருடைய பெயரைத் தேடுகிறவருக்கு அவருடைய சொந்தப் பக்கத்துக்கு அடுத்தபடியாக உங்கள் பதிவு வரக்கூடும். தலைப்பில் கலைஞர் பெயரும் ஆல்பம் பெயரும் முதலில் வரட்டும், அலங்காரம் பிறகு.

தனி ஆல்பப் பதிவுகள் ஒரு வாரம் வாசிக்கப்படும், பிறகு ஓய்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவருபவை வழிகாட்டிப் பதிவுகள்: ஒரு லேபிளுக்குள் எங்கிருந்து தொடங்குவது, ஒரு கருவியின் இன்றைய வாசிப்பைக் கேட்க எட்டு ஆல்பங்கள், ஒரு டிரம்மர் வாசித்த முக்கியமான பதிவுகள். நான்கு ஆல்பப் பதிவுக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து, செத்துப்போன இணைப்புகளை மாற்றி, புதிய ஆல்பம் ஒன்றைச் சேருங்கள்.

உங்கள் பதிவுகள் தேடலில் எப்படி வருகின்றன என்று காட்டும் கூகுள் செர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்துவைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். பலருக்குத் தென்பட்டும் யாரும் அழுத்தாத பதிவு என்றால் தலைப்பு சரியில்லை. எட்டாவதிலிருந்து இருபதாவது இடத்துக்குள் நிற்கும் பதிவு என்றால் உள்ளடக்கம் போதவில்லை, இன்னும் இரண்டு பத்தி சேருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் எதுவும் தெரியாது, அரையாண்டு பொறுங்கள்.

பதிவு வந்ததும் கலைஞருக்கும் லேபிளுக்கும் இணைப்பை அனுப்புங்கள். பகிரச் சொல்லிக் கேட்க வேண்டாம். இரண்டு வரி போதும்: எழுதியிருக்கிறேன், தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள். சிறிய கலைஞர்களில் பலர் தாங்களாகவே பகிர்வார்கள், சிலர் அடுத்த ஆல்பத்தை வெளிவருவதற்கு முன்பே அனுப்புவார்கள். உங்கள் மூலங்களின் பட்டியலில் இதைவிட மதிப்புள்ளது வேறு இல்லை.

சமூக ஊடகம் ஆளை எட்டிப் பார்க்க வைக்கும், தங்க வைப்பது மின்மடல். சந்தா சேரும் பெட்டியைப் பதிவின் முடிவில் வையுங்கள். முகத்தில் வந்து விழும் பாப்-அப் வேண்டாம், படித்து முடித்தவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். சேருகிறவர் ஒரு உறுதி இணைப்பை அழுத்தியபின் பட்டியலில் ஏறும்படி அமையுங்கள், இல்லாவிட்டால் தவறான முகவரிகளும் தானியங்கிகளும் வந்து நிறையும். வாரம் ஒரே கிழமை, மூன்று பாட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி.

மடல் ஸ்பேமில் விழுவதற்கு எழுத்து காரணமாக இருப்பது அபூர்வம், அமைப்புதான் காரணம். மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் போடுங்கள். மின்மடல் சேவை தரும் வரிகளை நகலெடுத்து ஒட்டுவதுதான் வேலை, அரை மணி நேரம். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புவோரிடம் இவற்றையும், ஒரே அழுத்தில் விலகும் வசதியையும் கேட்கின்றன; ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. விலகும் இணைப்பை ஒளித்துவைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் விலக வழி தெரியாத வாசகர் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். மடலின் அளவு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். திறந்தவர்கள் எண்ணிக்கையை நம்பாதீர்கள்; 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு, திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. இணைப்பை அழுத்தியவர்களையும் பதில் எழுதியவர்களையும் எண்ணுங்கள். வருகிற ஒவ்வொரு பதிலுக்கும் மறுபதில் போடுங்கள், முதல் இருநூறு பேர் அப்படித்தான் நிலைப்பார்கள்.

வலைப்பதிவின் பெயரிலேயே பொது ப்ளேலிஸ்ட் ஒன்று வையுங்கள். முப்பது பாட்டு, வாரம் ஐந்தை எடுத்து ஐந்தைச் சேர்ப்பது, எடுத்தவற்றை வேறொரு ப்ளேலிஸ்டில் சேமிப்பது. விவரக் குறிப்பில் தள முகவரி இருக்கட்டும். அதில் இடம் கொடுக்கக் காசு வாங்காதீர்கள். ஸ்பாட்டிஃபை விதிகளே அதைத் தடுக்கின்றன, ப்ளேலிஸ்ட் போய்விடும்.

அஞ்சல் பெட்டி நிரம்பும்போது

கொஞ்சம் பேர் படிக்கத் தொடங்கியதும் பாட்டை அனுப்புகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதற்கென்று தனி முகவரியும் ஒரு விதிப் பக்கமும் வையுங்கள்: ஸ்ட்ரீமிங் இணைப்பு மட்டும், கோப்பு இணைக்கக் கூடாது, இசையைப் பற்றி மூன்று வரி, வாசித்தவர்களின் பெயர், வெளிவரும் நாள். எல்லோருக்கும் பதில் வராது என்பதை முன்கூட்டியே அங்கே எழுதிவிடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். வந்ததை மட்டுமே எழுதத் தொடங்கினால் உங்கள் வலைப்பதிவும் மற்ற பத்து வலைப்பதிவுகளும் ஒரே மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் அதே மடல் எல்லோருக்கும் போயிருக்கும். எழுதுவதில் மூன்றில் இரண்டு பங்காவது நீங்களே தேடி எடுத்ததாக இருக்கட்டும்.

கலைஞர்கள் காசு கட்டி வலைப்பதிவர்களுக்குப் பாட்டை அனுப்பும் சப்மிட்ஹப் போன்ற இடங்களில் கேட்டுக் கருத்துச் சொல்வதற்குச் சிறு தொகை கிடைக்கும். அதை ஏற்றால் விதிப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எழுதுவதற்குக் காசு, இலவச வினைல், கச்சேரிச் சீட்டு எதைப் பெற்றிருந்தாலும் அந்தப் பதிவின் தலையிலேயே சொல்லுங்கள், அடியில் சிறிய எழுத்தில் அல்ல.

மாதக் கடைசியில் பதிவுகள், மின்னஞ்சல் பட்டியல், விரிதாள் மூன்றையும் இறக்கித் தளத்துக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள். சேமித்த கோப்பை ஒருமுறை திறந்து பார்த்து, உள்ளே எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். சிஎஸ்வி கோப்புகளில் (விரிதாளை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கலைஞர்களின் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.